மாட்டேன் பீரியட்

என் முன்பல் பாதி உடைந்தது ஒரு வியாழக்கிழமை, இரண்டாம் பீரியடில். உடைத்தவள் பதினெட்டு வயதுப் பெண். உடைக்கச் சொன்னவர் டீச்சர். அடி வாங்கிய நான் அந்தப் பள்ளிக்கூடத்தின் வேன் டிரைவர். வாங்கிக்கொண்டு "சபாஷ்" என்று வேறு சொன்னேன். பாதி வார்த்தையும் பாதி காற்றுமாக வந்தது.

அந்த டீச்சருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் சம்மட்டி. முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவருக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு. எங்களுடையது மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகள் படிக்கும் பள்ளி. பத்தொன்பது வயதானதும் வெளியே அனுப்பிவிடுவார்கள். அதற்குள் ஒவ்வொரு பிள்ளையையும் ஏதாவது ஒரு வேலையில் உட்கார வைப்பது சம்மட்டியின் பொறுப்பு. பிஸ்கட் கம்பெனியில் பதினோரு வருஷம் சூப்பர்வைசராக இருந்துவிட்டு வந்தவர். பாடப் புத்தகம் அவருக்குச் சுமார்தான். ஆனால் கம்பெனிக்காரன் எதற்குச் சிரிப்பான், எதற்குச் சீட்டைக் கிழிப்பான் என்பதெல்லாம் அத்துப்படி.

அவர் வருவதற்கு முன் எங்கள் பிள்ளைகளுக்கு வேலை ஒரு வாரம் நிலைத்தால் பெரிய விஷயம். ஒருத்தன் மேஸ்திரியை முறைப்பான், இன்னொருத்தி அழுதுகொண்டே வாசலில் உட்கார்ந்துவிடுவாள். சம்மட்டி வந்ததும் ஒரே ஒரு வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தார். யார் என்ன சொன்னாலும் "சரிங்க". கூட்டுன்னா சரிங்க. தூக்குன்னா சரிங்க. நில்லுன்னா சரிங்க. ஆறு மாதம் இதே பயிற்சி. மேஜையைத் தட்டித் தட்டி அந்த வார்த்தையைப் பிள்ளைகளின் எலும்பில் இறக்கினார். கம்பெனிக்காரர்கள் போன் போட்டு, "இந்த மாதிரி ஆள் இன்னும் இருக்காங்களா?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடம் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. அந்த ஆட்டத்தில் நானும் இருந்தேன், இல்லையென்று சொல்லமாட்டேன்.

அதில் முதல் மாணவன் ஒரு இளைஞன். அவனுக்குப் பெயரே 'சரிங்க' என்று ஆகிவிட்டது. பிளாஸ்டிக் பைகளுக்கு வாய் ஒட்டும் பட்டறையில் நிரந்தர வேலை வாங்கினான். எட்டாவது மாதம் ஒருநாள், சாப்பாட்டு இடைவேளையில் கூட வேலை செய்கிற மூன்று பேருக்குப் பொழுது போகவில்லை. "மெஷின் சூடாயிருக்கான்னு கையை வச்சுப் பாரு" என்றான் ஒருத்தன்.

"சரிங்க."

"எடுக்காத, இன்னும் கொஞ்ச நேரம் வை."

"சரிங்க."

சூட்டுப் பட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறான். கண்ணீர் கொட்டுகிறது, கை மட்டும் நகரவில்லை. தோல் கருகிய வாடை வந்த பிறகுதான் சிரித்தவர்களுக்கே பயம் வந்து இழுத்துவிட்டார்கள். உள்ளங்கைத் தோல் மெஷினிலேயே நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரிக்கு டீச்சரை நான்தான் கூட்டிப்போனேன். "ஏன்டா கையை எடுக்கல?" என்று கேட்டார்.

"எடுன்னு யாரும் சொல்லல டீச்சர்" என்றான்.

டீச்சர் சுவரில் தலையை முட்டிக்கொண்டார். ஒரு முறை, இரண்டு முறை, மூன்றாவது முறை நான் நடுவில் கையை விட்டேன். பிறகு அவன் கட்டிலருகே மண்டியிட்டு, "என்னை மன்னிச்சிடுப்பா" என்றார். அவன் "சரிங்க" என்றான். அந்தச் சரிங்கதான் அவரை உடைத்துப் போட்டது.

"அண்ணே, பட்டறைக்கு விடுங்க" என்றார். புத்தியுள்ளவன் விட்டிருக்கமாட்டான். எனக்கும் அன்று ரத்தம் கொதித்துக்கொண்டிருந்தது, விட்டேன். உள்ளே நுழைந்தவர் கையில் கிடைத்த இரும்பு ஸ்டூலைத் தூக்கினார். முதல் ஆளுக்குத் தோள்பட்டை எலும்பு போயிற்று. இரண்டாமவன் பைக்கட்டுகளின் மேல் விழுந்து காது கிழிந்தான். மூன்றாமவன் ஓடிவந்து என்னைப் பிடித்துக்கொண்டு, "காப்பாத்துங்க" என்றான். நான் அவனைத் திருப்பி டீச்சர் பக்கமே நிறுத்தினேன். போலீஸ் வந்தது, வழக்கு ஆனது. டீச்சரை மூன்று மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். எனக்கு எச்சரிக்கைக் கடிதம்.

நான்காவது மாதம் திரும்பி வந்தபோது கூடவே ஒரு மூட்டை மனிதனைத் தூக்கி வந்தார். அவர் வீட்டுக்காரர் தையல்காரர், வாய் திறந்து பேசாத மனுஷர். வெட்டுத்துணியைத் திணித்து, கழுத்துப்பட்டி வைத்த சட்டையெல்லாம் போட்டு அதைத் தைத்துக் கொடுத்திருந்தார். அதற்கு முதலாளி என்று பெயர். முதலாளியைச் சுவரோரம் கட்டிவைத்து டீச்சர் புதுப் பாடத்தைத் தொடங்கினார்.

"கூட்டு, துடை, தூக்கு, இதுக்கெல்லாம் என்ன?"

"சரிங்க!"

"கையை உள்ள விடு. கதவைச் சாத்து. யார்கிட்டயும் சொல்லாத. இதுக்கு?"

"மாட்டேன்!"

"முதல் தடவை சொல்லணும். கேக்கலன்னா சத்தமா சொல்லணும். அப்பவும் கையைப் பிடிச்சா?"

"அடி!"

முதலாளி படாத பாடு பட்டார். மாதம் ஒருமுறை வயிறு கிழிந்து வீட்டுக்குப் போய்த் தையல் போட்டுக்கொண்டு வருவார். ஆனால் மூட்டை கையைப் பிடித்து இழுக்காது அல்லவா? அதற்காக என்னைக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமைதோறும் நான் கெட்ட மேஸ்திரியாக நடித்தேன். உதை, கடி, பிறாண்டல் எல்லாம் வாங்கினேன். கடைசியில் நெற்றியால் முட்டிப் பல்லை வாங்கியவள் மடிப்பு.

மடிப்பு அவளுடைய பட்டப்பெயர். எந்தத் துணியைக் கொடுத்தாலும் ஓரத்துக்கு ஓரம் நூல் பிசகாமல் மடிப்பாள். ஒரு விரல் அகலம் தப்பினால் உதறிவிட்டு முதலிலிருந்து தொடங்குவாள். அப்பா அம்மா இல்லை. ஒரே அண்ணன், வீட்டு வாசலிலேயே வண்டி கழுவும் கடை வைத்திருந்தான். காலையில் அவளைக் குளியலறையில் வைத்துப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போவான், பள்ளி நாட்களில் நான் போய் ஹாரன் அடித்தால் வந்து திறந்துவிடுவான். கடையில் தண்ணீர் அடிக்கிற ரப்பர் குழாய்தான் அவள்மேலும் விழும். முதுகில் பட்டைபட்டையாக இருக்கும். டீச்சர் இரண்டு முறை புகார் கொடுத்தார். இரண்டு முறையும் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு, "சொந்தத் தங்கச்சிங்க" என்று கண் கலங்கினான். புகார் அத்தோடு நின்றது, குழாய் நிற்கவில்லை.

அந்த வருஷத்தோடு அவளுக்குப் பள்ளி முடிகிறது. பெரிய ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஒரு சலவைக் கம்பெனியில் ஒரு மாதச் சோதனை வேலை வாங்கினார் டீச்சர். தேறினால் நியமனக் கடிதம் உண்டு, கம்பெனிக்குப் பின்னாலேயே பெண்கள் விடுதியில் ஒரு கட்டிலும் உண்டு. தேறாவிட்டால் அந்தக் குளியலறைதான். இது மடிப்புக்கும் தெரியும். தினமும் வேனில் ஏறியதும், "கட்டில் எனக்குத்தான?" என்று கேட்பாள்.

இருபத்தேழு நாள் குறையே இல்லை. கடைசி வாரத்தில் அவளை ரோலர் வேலையில் போட்டார்கள். ஈரப் படுக்கை விரிப்பை இரண்டு சூடான உருளைகளுக்கு நடுவே கொடுத்தால் மறுபக்கம் காய்ந்து, தேய்த்த மாதிரி வரும். உருளையின் வாயில் ஒரு தடுப்புக் கம்பி இருக்கும். விரல் பட்டால் மெஷின் தானாக நிற்கும். அடிக்கடி நின்றால் எண்ணிக்கை குறைகிறதென்று சூப்பர்வைசர் அந்தக் கம்பியை மேலே தூக்கி ஒயரால் கட்டிவைத்திருந்தான்.

மாலை நான்கு மணிக்கு அவளை அழைத்துப்போக நான் கூடத்து வாசலில் நின்றேன். ஒரு விரிப்பு சுருண்டு உருளைக்குள் சிக்கிக்கொண்டது. உருளை சுற்றிக்கொண்டே இருந்தது.

"உள்ள கையை விட்டு இழு" என்றான் சூப்பர்வைசர்.

"மாட்டேன்" என்றாள்.

"என்ன? இழுன்னு சொல்றேன்ல!"

"மாட்டேன்!" கூடமே திரும்பிப் பார்த்தது.

அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்து உருளைப் பக்கம் இழுத்தான். நான் ஓடினேன். ஆனால் என் உதவி தேவைப்படவில்லை. என் பல் கண்ட அதே நெற்றி அவன் மூக்கில் இறங்கியது. மட்டை முறிகிற சத்தம். வெள்ளை விரிப்புகள்மேல் ரத்தம் கொட்டியது. அவன் விடவில்லை என்றதும் அவன் முன்கையைக் கடித்தாள். விட்டான். அதன் பிறகு நிதானமாகப் போய்ச் சுவரிலிருந்த சிவப்புப் பட்டனை அமுக்கினாள். உருளை நின்றது.

அரைமணி நேரத்தில் மேனேஜர் மேடத்தின் அறையில் எல்லோரும் கூடினோம். மூக்கில் துணியோடு சூப்பர்வைசர். பள்ளியிலிருந்து ஓடிவந்த டீச்சர். யாரோ போன் போட்டு வந்து சேர்ந்த அண்ணன். அவன் வந்ததும் வராததுமாகத் தங்கையின் கன்னத்தில் அறைந்தான். அவள் சுவரில் மோதி நின்றாள். நான் அவன் சட்டையைப் பிடித்தேன், மேடம் மேஜையைத் தட்டினார்.

"துணியை எடுக்கச் சொன்னேன் மேடம், அவ்வளவுதான். வெறி பிடிச்ச மாதிரி பாய்ஞ்சிட்டா" என்றான் சூப்பர்வைசர்.

நான் பார்த்ததைச் சொன்னேன். "டிரைவருக்கு மெஷின் பத்தி என்ன தெரியும்?" என்று ஒரே போடாகப் போட்டான். மேடம் மேஜைமேல் இருந்த தாளைக் காட்டினார். நியமனக் கடிதம், அச்சடித்துத் தயாராக இருந்தது. கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "அந்தப் பொண்ணு மன்னிப்பு கேக்கட்டும். இல்லன்னா நான் எதுவும் செய்ய முடியாது."

டீச்சர் கடிதத்தைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். இடுப்பு பெல்ட்டில் கட்டைவிரலை மாட்டிக்கொண்டு நின்றான் அவன். அந்த நிமிஷம் சம்மட்டி வெறும் மரப்பிடியாகிவிட்டார். மடிப்பின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒரு வார்த்தை கண்ணு. மன்னிப்பு கேட்டுடு. கட்டில் வேணும்ல?" என்றார். இதற்கா என் பல்லைக் கொடுத்தேன்?

"மாட்டேன்" என்றாள் மடிப்பு.

"எனக்காகச் சொல்லும்மா."

"மாட்டேன்!"

டீச்சர் கையை விடவில்லை. விட்டிருக்க வேண்டும், பாடம் அவருடையதுதானே. மடிப்பு புறங்கையால் ஓங்கி விட்டாள் ஒன்று. டீச்சரின் உதடு கிழிந்து பல் சிவந்தது. டீச்சர் உதட்டைத் தொட்டு விரலில் இருந்த ரத்தத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தாரா அழுதாரா என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. கையை விட்டார்.

"மேடம், இந்த அடி நான் சொல்லிக் கொடுத்தது. உங்க சூப்பர்வைசருக்கு விழுந்ததும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். துணி இன்னும் மெஷின்லதான் சிக்கியிருக்கு, வாங்க போலாம்."

எல்லோரும் ரோலருக்கு முன்னால் போய் நின்றோம். டீச்சர் மெஷினைப் போடச் சொன்னார். உருளைகள் சிக்கிய விரிப்போடு புகைந்துகொண்டு சுற்றின. ஒயரால் கட்டிய தடுப்புக் கம்பி மேடத்தின் கண்ணுக்கு நேராக இருந்தது.

"துணியை எடுக்கச் சொன்னீங்க, அவ்வளவுதான?" என்றார் டீச்சர். "இப்ப நீங்க எடுத்துக் காட்டுங்க. நான் உங்க கால்ல விழுந்து மன்னிப்பு கேக்குறேன்."

சூப்பர்வைசர் உருளையைப் பார்த்தான். மேடத்தைப் பார்த்தான். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"மாட்டேன் மேடம்" என்று முணுமுணுத்தான்.

"கேக்கல" என்றாள் மடிப்பு. "சத்தமா சொல்லணும்."

மேடம் தானே போய் மெஷினை நிறுத்தினார். தன் கையாலேயே ஒயரை முறுக்கிப் பிரித்து எறிந்தார். அங்கேயே, ஒரு துணி வண்டியின் மேல் கடிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார். மடிப்பு அதை வாங்கி ஓரத்துக்கு ஓரம் சரியாக நான்காக மடித்தாள்.

வாசலில் அண்ணன் மறித்தான். அவள் கையைக் கெட்டியாகப் பிடித்து, "விடுதியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நட வீட்டுக்கு" என்றான்.

"மாட்டேன்" என்றாள். சாதாரணக் குரல்தான்.

அண்ணன் அவளைப் பார்த்தான். பின்னால் நின்ற சூப்பர்வைசரின் மூக்கைப் பார்த்தான். டீச்சரின் உதட்டைப் பார்த்தான். நான் சிரித்தேன், என் பல்லையும் பார்த்தான். இரண்டாவது தடவை அவள் சொல்வதற்குள் கையை விட்டுவிட்டான்.