பன்னிரண்டாவது நாற்காலி

"நாற்காலி பன்னிரண்டு: யூதாஸ். துரோகி, வஞ்சகன். பெரிய வியாழன் காலை முதல் சனிக்கிழமை கோயில் மணி அடிக்கும்வரை இவனுக்கு யாரும் வணக்கம் சொல்லலாகாது."

சுன்கபாம்பா என்ற மலையூரின் கோயில் பக்த சபைப் பதிவேட்டில் தொடர்ந்து இருபத்தாறு ஆண்டுகள் இந்த வரிக்கு நேரே எழுதப்பட்டிருந்த பெயர் சிப்ரியானோ வமானி. மண் மிதித்துச் செங்கல் அறுத்து, சுடாமல் மலைவெயிலில் காயவைத்து விற்றவர். ஒருமுறை கோயிலின் வண்ணக் கண்ணாடி உடைபட்டபோது, உடைத்தது யார் என்று கண்ணால் பார்த்தவர் அவர் ஒருவர்தான். மூன்று சாமியார்கள் மாறி மாறிக் கேட்டும் சாகும்வரை வாய் திறக்கவில்லை. துரோகத்துக்குத் துளியும் லாயக்கில்லாத ஆள். அதனால்தானோ என்னவோ அந்த வேலையை அவரிடம் கொடுத்திருந்தார்கள்.

தார்ச்சாலை வராத காலத்துப் பெரிய வியாழக்கிழமைகளுக்குத் தனி மணம் இருந்தது. எல்லா வீட்டிலும் இறைச்சி சேராத பன்னிரண்டு பதார்த்தங்கள் ஒரே நேரத்தில் வேகும். அவித்த மொச்சை வாசனை, யூகலிப்டஸ் விறகின் புகையோடு கோயிலுக்குள் வரும். பலிபீடத்தின் முன் பன்னிரண்டு நாற்காலிகள். அப்போஸ்தலர்கள் என்னும் பன்னிரண்டு சீடர்களாக உட்கார்ந்தவர்களின் வலது பாதத்தைச் சாமியார் கழுவுவார். கழுவப்போகிற பாதத்தை வீட்டிலேயே நன்றாகக் கழுவிக்கொண்டு வருவதுதான் ஊர் வழக்கம். அப்புறம் கோயிலில் கழுவுவது எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. கழுவிய பாதத்தைத் துடைத்து முத்தமிடுவார். பன்னிரண்டாவது பாதத்துக்கு மட்டும் தண்ணீர் உண்டு, முத்தம் கிடையாது. சாமியார் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்.

"நமக்கு அதெல்லாம் எதுக்கு? நான் மண்ணு மிதிக்கிறவன்" என்பார் சிப்ரியானோ.

ஊர் அவரது தாழ்மையை மெச்சியது. மெச்ச மெச்ச அவரும் அதைப் பத்திரமாக வளர்த்தார். தாழ்மையில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று உள்ளுக்குள் கொஞ்சம் கர்வமும் இருந்தது. மனைவி கசில்டாவுக்கு மட்டும் வேறொன்று தெரியும். புனித வாரத்துப் புதன்கிழமை மாலை அவர் தொட்டியில் காலை வைத்துக்கொண்டு, உடைந்த ஓட்டுத் துண்டால் வலது குதிகாலை அரை மணி நேரம் தேய்ப்பார். முத்தம் விழாத பாதத்தை மற்ற பதினொருவரையும்விட அதிகமாகத் தேய்த்தவர் அவர்.

இருபத்தேழாம் ஆண்டு உர்பானோ என்ற புதுச் சாமியார் வந்தார். நாற்காலிகளைச் சீட்டுக் குலுக்கித் தரச் சொன்னார். பன்னிரண்டு பாதத்துக்கும் முத்தம் உண்டு என்றார். குலுக்கலில் சிப்ரியானோவுக்குப் பேதுரு வந்தது. மாவு மில் வைத்திருந்த சபைத் தலைவர் லியோன்சியோவுக்கு யூதாஸ்.

புதன்கிழமை மாலை லியோன்சியோ செங்கல் களத்துக்கே வந்துவிட்டார். தொப்பியைக் கழற்றினார். அந்தக் களத்தில் அவர் தொப்பி கழற்றியது அதுவே முதல் தடவை.

"சிப்ரியானோ, நாற்காலிய மாத்திக்குவோம்ப்பா. உனக்குப் பழகின இடம்."

"பழக்கந்தான் ஐயா."

"உன் தாழ்மை யாருக்கு வரும்? எனக்கு வராது, ஒத்துக்கிறேன். மூணு நாள் எவனும் வணக்கம் சொல்லலேன்னா நான் தெருவுல எப்படி நடக்கிறது?"

"தாழ்மை அவ்வளவு நல்லதுன்னா நீங்களும் ஒரு வருஷம் ருசி பாருங்களேன்" என்றாள் கசில்டா, வைக்கோலை உதறியபடி.

"நான் இவன்கிட்டப் பேசுறேன்மா."

"அவரும் அதைத்தான் சொல்லப்போறாரு. அவருக்கு நேரமாகும், அதான் நான் முந்திக்கிட்டேன்."

சிப்ரியானோவின் நாக்கு நுனியில் இருந்தது 'சரி'தான். தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த காலைப் பார்த்தார். கையிலிருந்த ஓட்டுத் துண்டையும் பார்த்தார். முத்தமே வேண்டாதவன் கையில் இது எதற்கு?

"ஐயா, நான் அங்க உக்காந்தத தாழ்மைன்னு நீங்கள்லாம் சொன்னீங்க. நானும் நம்பிட்டேன். நெஜத்துல, கிடைக்காதுன்னு தெரிஞ்சு, எனக்கு வேண்டாம்னு நானே முந்திச் சொல்லிக்கிட்டேன். அவ்வளவுதான். இந்த வருஷம் மாத்திக்க மாட்டேன்."

"பெருமை வந்துருச்சு உனக்கு."

"அது முன்னாடியே இருந்துச்சுங்க. இப்பத்தான் கொஞ்சம் குறையுது."

வியாழனன்று பன்னிரண்டாவது நாற்காலி காலியாகக் கிடந்தது. லியோன்சியோவுக்குத் திடீர் வயிற்றுவலி. கோயில் முழுவதும் சிப்ரியானோவைத் திரும்பிப் பார்த்தது. பழக்கதோஷம், அவர் பாதி எழுந்தும்விட்டார். பெண்கள் வரிசையில் கசில்டா இருமினாள். உட்கார்ந்தார்.

சாமியார் அவர் முன் மண்டியிட்டார். பேதுருவாக உட்காருகிறவர், கழுவ வேண்டாம் என்று முதலில் ஒருமுறை மறுக்க வேண்டும். வேதத்தில் அப்படித்தான் இருக்கிறது, சபையும் அதை விட்டதில்லை. சிப்ரியானோ மறுக்காமல் காலை நீட்டினார்.

"வேண்டாம்னு சொல்லணும்" என்று கிசுகிசுத்தார் சாமியார்.

"சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு சாமி. கழுவுங்க."

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கழுவினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். மண்ணில் வெடித்து வெடித்து ஆறிய பாதம். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சிப்ரியானோ பின்னால் சொல்லிக்கொண்டார். அந்த நேரம் அவர் கண்கள் கலங்கியதைக் கசில்டா பார்த்திருந்தாள், ஆனாலும் அதைச் சொல்லிக்காட்டவில்லை.

அடுத்த ஆண்டு குலுக்கலுக்கு முன்பே போய், பன்னிரண்டாவது நாற்காலியைத் தானே கேட்டு வாங்கினார். இறக்கும்வரை ஒன்பது ஆண்டுகள் அதில் உட்கார்ந்தார். ஒவ்வோர் ஆண்டும் வலது பாதத்தை நீட்டி, முத்தத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்.