வெள்ளிக்கிழமைகளில் பெருத்த மணிகள்

திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் நான் வேலை செய்யும் சிறிய கூடத்தில் நொதியை உள்ளே அடைத்த மணிகள் செய்கிறோம். கடற்பாசியிலிருந்து எடுத்த தூளைத் தண்ணீரில் கரைத்து, நொதி கலந்து, ஊசி வழியே சுண்ணாம்பு உப்புக் கரைசலில் சொட்டவிட்டால் ஒவ்வொரு சொட்டும் மணியாக உறையும். ஊசியைச் சுற்றி வீசும் காற்று, சொட்டு பெருப்பதற்குள் அதை உதிர்த்துவிடும். மணி அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பெருத்தால் நடுவிலிருக்கும் நொதி வீண். சிறுத்தால், மணிகளை நிரப்பி வைக்கும் வாங்குபவரின் குழாய் அடைத்துக்கொள்ளும்.

சொட்டவிட்டவர் தாம்பரத்திலிருந்து வரும் ஓர் அக்கா. ஆறு வருடமாகக் கட்டைவிரலால் ஒரே சீராக ஊசியை அழுத்தி வந்தார். நான் அளப்பவன், வேதியியல் படித்தவனல்ல. தொகுதிக்கு நூறு மணிகளை நுண்ணோக்கியில் அளந்து, ஊசி, காற்று, உயரம், வெப்பம், தூளின் எடை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவேன்.

சென்ற கோடையில் சில தொகுதிகள் பெருத்து, வால் முளைத்து, ஆர்டர் அவசரத்தில் அப்படியே போய், வாங்குபவரிடமிருந்து திரும்பி வந்தன.

"கரைசல் கெட்டியா கீது சார். அழுத்தி அழுத்தி வெரலு நோவுது," என்றார் அக்கா.

"எடை சரியாத்தான் இருக்கு. உங்க கைதான் நடுங்குதுக்கா."

"என்னைப் பொண்ணு பாக்க வந்தன்னிக்கே நடுங்காத கை சார் இது," என்று சிரித்தார்.

மூன்றாவது முறை திரும்பியபோது முதலாளி என் நோட்டைப் புரட்டினார். "ஊசி அதே, காத்து அதே. மிச்சம் கைதானே?" ஆமாம் என்று தலையசைத்தேன். அன்று மாலையே அக்காவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

புதிதாக வந்தவரின் கையிலும் ஒருநாள் மணிகள் பெருத்தன. நோட்டையும் காலண்டரையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். கெட்டவை எல்லாம் வெள்ளிக்கிழமைத் தொகுதிகள். அன்று பல்லாவரம் சந்தை நெரிசலில் காய்ச்சி வடித்த தண்ணீர் வண்டி மாலையில்தான் வரும். கோடையில் ஆர்டர் கூடியதால், காத்திருக்க வேண்டாம், வடிகட்டி பொருத்திய குழாயில் பிடியுங்கள் என்று சொன்னவன் நான். எங்கள் டீ கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தத் தண்ணீரின் சுண்ணாம்புதான். சொட்டும் முன்பே அது கரைசலைக் கெட்டியாக்கியிருக்கிறது. என் நோட்டில் தண்ணீருக்குக் கட்டமே இல்லை.

முதலாளியிடம் சொன்னேன். "இனிமே வண்டி வர்ற வரைக்கும் வெயிட் பண்ணுங்க. அந்தம்மா விஷயம் முடிஞ்சுது, கிளறாதீங்க," என்றார்.

ஞாயிறன்று அக்கா வீட்டுக்குப் போனேன். கைக்காக ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருந்தார். தையல் வேலைக்குக் கூப்பிட்டும் போகவில்லை. "ஊசியப் புடிக்கவே பயமா கீது சார்."

நடந்ததைச் சொன்னேன். வலது கையை விரித்து வெகுநேரம் பார்த்தார்.

"அப்ப கை இல்லியா?"

"இல்லக்கா. தண்ணி. நான் பிடிக்கச் சொன்ன தண்ணி."

"அப்ப நாளைக்கு வேலைக்கு வர்லாமா சார்?"

முதலாளி சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் சொன்னேன். அக்கா கையை மடக்கி, முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.