இருநூறு ஏக்கர் என்று சொன்னேன்

இறந்துபோன என் தங்கையின் மகளை நான்தான் வளர்த்தேன். அவளுக்கு வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. எங்கள் நிலைமையை விசாரித்து, வசதியில்லை என்று தெரிந்தால் முழுச் செலவையும் தாங்களே ஏற்பதாகக் கல்லூரிக்காரர்கள் சொன்னார்கள். அந்த விசாரணையைக் கெடுத்தவள் நான்.

கைபேசியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் தெரிந்தார். மொழிபெயர்க்க ஒருவர் இருந்தார். அவருடைய தமிழ் மட்டக்களப்புத் தமிழ் இல்லை. பிள்ளையை வெளியே இருக்கச் சொல்லிவிட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆட்களின் முகம் பார்த்துப் பேசிப் பழக்கமில்லை.

"எங்கே வேலை செய்கிறீர்கள், அம்மா?"

"எங்கட வட்டையில."

"வட்டை என்றால்?"

"வயல்தான், ஐயா."

"எவ்வளவு இருக்கும்?"

"இருநூறு ஏக்கர் வரும்."

வயல்வெளி எவ்வளவு பெரியது என்று கேட்கிறார் என்றே நினைத்தேன். தடுமாறாமல் பதில் சொன்னேன் என்று சந்தோஷம் வேறு. வாவிக்கு அந்தப் பக்கத்து வெளியில் எனக்கு ஒரு வரம்புகூட இல்லை. கூலிக்குப் புல்லுப் பிடுங்கப் போகிறவள். ஆனால் அங்கே வேலைக்குப் போகிற எல்லாருக்கும் அது 'எங்கட வட்டை'தான்.

இவ்வளவு நிலம் உள்ள குடும்பத்துக்கு உதவி இல்லை என்று கடிதம் வந்தது. பிள்ளை என்னை ஏசவில்லை. "இருநூறு ஏக்கரா, பெரியம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமைக்குள் அத்தாட்சி அனுப்பினால் மறுபடி பார்ப்பார்களாம். எனக்கு நிலம் இல்லை என்று கிராம சேவகர் கடிதம் தந்தார். அது போதாதென்று பிள்ளை பயந்தாள். "நீங்களும் வட்டையில நிண்டு உங்கட வாயால சொல்லுங்க. நான் வீடியோ எடுக்கிறன்."

வியாழக்கிழமை வாவியைக் கடந்து போனோம். கதை எனக்கு முன்னே போயிருந்தது.

"இஞ்ச பாருங்ககா, இருநூறு ஏக்கர்காரி வாறா! போடியாரம்மாவுக்குக் கதிரை போடுங்க!" என்று புல்லுப் பிடுங்கிய பெண்கள் சிரித்தார்கள். பெரிய நிலக்காரரைத்தான் எங்கள் பக்கத்தில் போடியார் என்பார்கள்.

பிள்ளை கைபேசியைப் பிடித்தாள். "இதில உங்கடது எது, பெரியம்மா?"

"ஒண்டும் இல்ல," என்று முணுமுணுத்தேன்.

"சத்தமாச் சொல்லுங்க. காத்தடிக்குது."

"ஒண்டும் இல்ல! இதில எனக்கு ஒண்டும் இல்ல!" என்று கத்தினேன். அப்படி நான் என் வாழ்நாளில் கத்தியதில்லை. பெண்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்துகொண்டார்கள்.

அன்றைக்கே அனுப்பிவிட்டாள். இன்று பதினோராவது நாள். பதில் இல்லை. கைபேசி அடித்தால் நான் அடுப்படிக்குள் போய்விடுகிறேன். மறுபடியும் என்னைத்தான் கேட்பார்களோ என்று பயம்.