மாமா முழித்த முழி

என் அம்மாவின் அண்ணன் சினிமாவில் நடித்தவர் என்று சொன்னால் பள்ளியில் ஒருத்தியும் நம்பமாட்டாள். படத்தின் பெயரைச் சொன்னால் பார்த்திருப்பாள், காட்சியைச் சொன்னால் சிரிப்பாள், மாமாவை மட்டும் நினைவிருக்காது. கறுப்பு வெள்ளைக் காலத்து நகைச்சுவைப் படங்களில் பெரிய காமெடியனுக்குப் பக்கத்தில் நின்று, அவர் பேசுவதைக் கேட்டு முழிப்பதுதான் மாமாவின் உத்தியோகம். பெரியவர் ஜோக்கைச் சொல்லி முடிப்பார். மாமா ஒரு முழி முழிப்பார். அதற்கப்புறம்தான் தியேட்டரில் சிரிப்பு கிளம்பும், பெயர் பெரியவருக்குப் போய்ச் சேரும். வாய்ப்புகள் நின்றதும் மெட்ராஸை விட்டு வந்து, தொம்மலூரில் எங்கள் வீட்டு மாடியில் குடியேறி, ஒரு தொழிற்சாலை ஸ்டோரில் வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டார்.

மாமாவுக்கு ஒரே மகள். அந்த அக்காவுக்கு ஒரு நல்ல வரன் ஏறக்குறைய முடிவாகி, “கூத்தாடி வீட்டுச் சம்பந்தம் நமக்கெதுக்கு” என்று யாரோ சொன்னதில் நின்றுபோனது. ஆகவே பிரேசர் டவுனிலிருந்து அடுத்த வரன் வருகிறது என்றதும் அத்தை சட்டம் போட்டுவிட்டாள். சினிமா என்ற பேச்சே எழக்கூடாது. சுவரில் இருந்த போட்டோக்கள் பரணுக்குப் போயின. இதுவும் தட்டிப்போனால் அக்கா தாங்கமாட்டாள் என்று அம்மா நாள் முழுக்கப் புலம்பினாள். மாமா கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டே இருந்தார். எனக்கும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பெருமையை வாய்க்குள் வைத்துக்கொண்டு இருப்பது பத்து வயதுக்காரிக்கு லேசான காரியமா?

வந்தார்கள். மாப்பிள்ளை தலை குனிந்தே இருந்தார். அவருடைய அப்பாதான் பேச்சு. சர்க்கார் ஆபீசில் பெரிய பதவியில் இருந்தவராம். உட்கார்ந்ததும் மாமாவை உற்றுப் பார்த்தார்.

“உங்கள எங்கியோ பாத்த மாதிரி இருக்குதே சார்.”

அத்தையின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

“பஸ்ல பாத்திருப்பீங்க சார்” என்றார் மாமா, “இதே ஊர்லதான சுத்திக்கிட்டு இருக்கேன்.”

அவர் விடுவதாக இல்லை. தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு கேசரி வந்தது. “சக்கத்தா இருக்கும்மா” என்று அத்தையின் கைப்பக்குவத்தைப் பாராட்டிவிட்டு, ஒரு தமாஷ் சொல்லப்போவதாக அறிவித்தார். ஆபீசுக்குக் குடை எடுத்துப் போன நாளெல்லாம் மழை வரவில்லையாம், எடுக்காத அன்று கொட்டோ கொட்டென்று கொட்டியதாம். அவ்வளவுதான் தமாஷ். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் சுருங்கியது. கூடமே சங்கடத்தில் நெளிந்தது.

அப்போதுதான் மாமா அதைச் செய்தார். வாய்க்குப் போன கேசரியை வழியிலேயே நிறுத்தினார். மெல்ல ஜன்னல் பக்கம் பார்த்தார். பிறகு அந்த மனிதரைப் பார்த்தார். பிறகு, தன் தலைமேலேயே மழை இறங்கிவிட்டதுபோல ஒரு முழி முழித்தார். அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். தலை குனிந்திருந்த மாப்பிள்ளைகூட.

டிவியில் வருகிற அதே முழி! இதோ கண்டுபிடித்துவிடுவார் என்று அத்தையைப் பார்த்தேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். ஆனால் அந்த மனிதருக்கு மாமாவைப் பார்க்க ஏது நேரம்? தன் ஜோக்குக்கு யார் யார் சிரிக்கிறார்கள் என்று சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். உற்சாகம் தாங்காமல் அடுத்ததைச் சொன்னார், அதற்கடுத்ததையும் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் மாமா வேறு வேறு விதமாக முழித்தார். கிளம்பும்போது அவர் மாமாவின் தோளைத் தட்டி, “நாம தமாஷா பேசறவங்க சார், நீங்க கொஞ்சம் சாது. பரவால்ல, பொண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்கு” என்றார். மாமா கைகூப்பினார்.

வீடே சந்தோஷத்தில் இருந்தபோது எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. காப்பித் தட்டோடு நின்ற அக்கா ஒரு முறைகூடச் சிரிக்காததையும், தட்டை வைத்துவிட்டு உள்ளே போய் அழுததையும் நான் பார்த்திருந்தேன். ஓடிப்போய் அத்தையிடம் சொன்னேன். அக்காவுக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கவில்லை போல என்று. அத்தை பதறிப்போய் உள்ளே போனாள்.

“பிடிச்சிருக்கும்மா” என்றாள் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“அப்புறம் ஏன்டி அழுதே?”

“அப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

அத்தையும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு இருவர்மீதும் கோபம் கோபமாக வந்தது. எல்லோரும் சிரித்தார்கள், கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது, மாமா அன்றைக்குப் போல ஒருநாளும் நடித்ததில்லை. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது?