நூற்றுப் பதினேழாம் பக்கம்

ஏழாம் வகுப்பு மொழி ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'எந்தப் பக்கம்'. நாவலைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். மழை பெய்தது என்றால்கூட எந்தப் பக்கம், எத்தனையாவது வரி என்பார். கருத்தைச் சொல்ல வேண்டும், அதற்குச் சான்று காட்ட வேண்டும், அந்தச் சான்று கருத்தை எப்படித் தாங்குகிறது என்று இரண்டு வாக்கியம் எழுத வேண்டும். இதெல்லாம் இல்லாத விடைத்தாளை வதந்தி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். புத்தகத்தில் இல்லாததை இருப்பதாக எழுதினால் பூஜ்யம். போதாததற்கு எழுந்து நின்று, "இது நானே கட்டின கதை" என்று வகுப்புக்கு முன்னால் சொல்லவும் வேண்டும்.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவர், சுருக்கமாகப் பேசிப் பழகியவர்.

"பொண்ணு இன்னும் உங்க மேல கோவமாத்தான் இருக்கா."

"ஆதாரம்?"

"பதினஞ்சு வருஷமா உங்ககிட்ட அவ பேசினதையெல்லாம் சேத்தா ஒரு மருந்துச் சீட்டுல அடங்கிடும். போதுமா?"

"அது அனுமானம்," என்று சொல்லிவிட்டு அவர் செய்தித்தாளைப் பிரித்துக்கொள்வார். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் மகளின் அழைப்பு வரும் நேரத்துக்கு, போனுக்குப் பக்கத்து நாற்காலியில்தான் அவர் உட்கார்ந்திருப்பார். "நல்லா இருக்கீங்களாப்பா? அம்மாகிட்ட குடுங்க," என்பாள் மகள். அவரும் கொடுத்துவிடுவார்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது இது. அந்த வருடம் அவள் அவருடைய வகுப்பிலேயே படித்தாள். பாட நாவல் ஓர் ஓடக்காரனைப் பற்றியது. அச்சில் இல்லாத புத்தகம், பள்ளி நூலகத்தில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதை வாசிக்கக்கூட நேரமில்லாமல் நேராக ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரர் எடுத்துக் கொடுத்த தாள்களில் அடிப்பகுதி வெட்டுப்பட்டுப் பக்க எண்களே இல்லை. அவர் அசரவில்லை. ராத்திரியோடு ராத்திரியாகச் சிவப்பு மையில் ஒன்று முதல் நூற்று அறுபத்தெட்டு வரை தானே எண் போட்டார். நாவலையும் அந்தத் தாள்களில்தான் வாசித்தார். வருடா வருடம் அந்தக் கட்டுதான் பிரதி எடுக்கப்பட்டு வகுப்புக்கு வரும்.

கேள்வியும் வருடா வருடம் ஒன்றேதான். வெள்ளத்தின்போது ஓடக்காரன் கோழையாக நடந்துகொண்டானா? ஆம், கோழைதான். அக்கரையில் பிள்ளைகள் அலற, அவன் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பக்கம் நூற்றெட்டு, முழு மதிப்பெண்.

மகள் மட்டும் மாற்றி எழுதினாள். அவன் கோழை இல்லை, யாருக்கும் தெரியாமல் தனியாகப் போய் மூன்று பிள்ளைகளைக் கரை சேர்த்தான், பக்கம் நூற்றுப் பதினேழு. அவர் புரட்டிப் பார்த்தார். நூற்றுப் பதினேழில் ஓடக்காரன் சந்தையில் கயிறு வாங்கிக்கொண்டிருந்தான்.

"லைப்ரரி புத்தகத்துல இருக்குப்பா. வந்து பாருங்க."

நூலகம் நாற்பதடி தூரம்.

"இங்க நான் உனக்கு அப்பா இல்ல, சார். எல்லாருக்கும் ஒரே பிரதிதான். அதுல இல்லைன்னா இல்ல."

அவள் எழுந்து நின்று, தானே கட்டின கதை என்று நாற்பது பேருக்கு முன்னால் சொன்னாள். பெற்ற பெண் என்றுகூடப் பார்க்கவில்லை என்று ஆசிரியர் அறையில் அவர் ரொம்ப நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு அவள் தான் எழுதிய எதையும் அவரிடம் காட்டவில்லை. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பவரிடம் நாலாவது காலைக் காட்டி என்ன பயன்?

இந்த வருடம் ஒரு பெண் தாமதமாக வந்து சேர்ந்தாள். வகுப்பு அவளைப் 'புதுசு' என்று கூப்பிட்டது. ஜெராக்ஸ் கட்டு ஒன்று குறைந்ததால், நூலகத்தில் புத்தகம் இருக்கிறதா பார் என்று அவரே அனுப்பிவைத்தார். கட்டுரை வந்தது. ஓடக்காரன் கோழை இல்லை, பக்கம் நூற்றுப் பதினேழு. அவர் கட்டைப் பார்த்தார். கயிற்று வியாபாரம் இன்னும் முடிந்தபாடில்லை.

"பூஜ்யம். எழுந்து நில்லு. என்ன சொல்லணும்னு தெரியும்ல?"

புதுசு எழுந்தாள், சொல்லவில்லை. பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, அவர் மேசையில் வைத்தாள்.

"நீங்களே பாருங்க சார்."

அவர் நூற்றெட்டுக்குப் புரட்டி, அங்கிருந்து நின்றபடியே பதினாறு பக்கம் வாசித்தார். ஓடக்காரன் கதவைச் சாத்தியது உள்ளே மாட்டியிருந்த துடுப்பை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போவதற்கு. அந்தப் பின்வாசலையும் ஆற்றையும் மூன்று பிள்ளைகளையும் ஜெராக்ஸ்காரர் ஒரே கொத்தாகப் புரட்டித் தாண்டியிருந்தார். மீதியை இவர் சிவப்பு மையால் ஒட்டவைத்துவிட்டார். ஊரையே பக்க எண் கேட்டவர் தன் எண்ணை ஒரு நாளும் சரிபார்க்கவில்லை.

பூஜ்யத்தை அடித்து முழு மதிப்பெண் போட்டார்.

"நான் போட்ட நம்பர் தப்பு. பத்தொம்பது வருஷமா தப்பு. நீ உக்காரும்மா."

பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள். "எங்க அக்கா போன வருஷம் கோழைன்னுதான் சார் எழுதினா. முழு மார்க் போட்டீங்களே?"

"அக்காகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லு."

மணி அடித்தது. புத்தகத்தை மூடும்போதுதான் பின்னட்டையில் ஒட்டியிருந்த நூலகச் சீட்டைப் பார்த்தார். அவர் ஜெராக்ஸ் எடுத்த பிறகு அந்தப் புத்தகத்தை எடுத்தவர்கள் இரண்டே பேர். கீழே புதுசு. அதற்கு மேலே, பதினைந்து வருடத்துக்கு முந்தைய தேதியில், ஏழாம் வகுப்பு, வரிசை எண் முப்பத்தொன்று. அது யாருடைய எண் என்று அவர் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அவருக்கு வெட்கமாக இருந்தது. உண்மை சொன்ன பிள்ளையைப் பொய்க்காரி என்று அவள் வாயாலேயே சொல்லவைத்திருக்கிறார். புத்தகத்தோடு ஆசிரியர் அறைக்குப் போனார், அங்கே யாருமில்லை. ஞாயிறு வரை பொறுக்க முடியாமல் மகளை அழைத்தார். அவள் வேறு நகரத்தில் ஒரு மருத்துவமனையில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். வேலை நேரம். உடனே எடுத்தாள்.

"அப்பா? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லையே?"

"அம்மா நல்லா இருக்கா. ஓடக்காரன் கோழை இல்லம்மா. நீ எழுதினதுதான் சரி. இப்பதான் பாத்தேன். நூத்திப் பதினேழாம் பக்கம், ஆறாவது வரி. அன்னிக்கே நான் வந்து பாத்திருக்கணும். என்னை மன்னிச்சிடும்மா."

அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்த ஏதோ இயந்திரத்தை அவள் நிறுத்துவது கேட்டது.

"ஒம்பதாவது வரிப்பா," என்றாள்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, மேலிருந்து விரல் வைத்து எண்ணினார். ஒன்பதாவதுதான்.