சத்தம் போடாத பட்டை

தெருவில் அவனுக்குப் பெயர் பீப்பி. மிக்சியும் ஃபேனும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். பழுது பார்ப்பது வயிற்றுக்கு. மனசுக்கு வேறொரு வேலை இருந்தது. யாருக்காவது மறதி என்று காதில் விழுந்தால் போதும், அதற்கொரு கருவி செய்துவிடுவான். ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தாமல் விட்டால் கத்தும் ஒன்று. மாடித் தொட்டி நிரம்பினால் கத்தும் ஒன்று. குடையை மறந்துவிட்டு நடந்தால் சட்டைப் பைக்குள் இருந்தே கத்தும் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே குரல்தான்: பீப், பீப்.

“ஏம்ப்பா, உன் கையால செஞ்ச எதுவுமே வாய மூடிட்டு இருக்காதா?” என்று எதிர்வீட்டு டிரைவர் அண்ணன் கேட்டதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அப்படிப்பட்டவன் கல்யாணம் செய்துகொண்டது காது கேட்காத பெண்ணை. பைகள் தைக்கிறவள். சின்ன வயதில் வந்த காய்ச்சல் காதை எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டுப் போனது. உதட்டைப் பார்த்தே தெருவின் வம்பு முழுவதையும் படித்துவிடுவாள். பழுதான மிக்சியோடு ஒருநாள் கடைக்கு வந்தாள். சூடானால் கத்தும்படி செய்து தருகிறேன் என்று அவன் பெருமையாக அளந்துகொண்டிருக்க, “கத்தி எனக்கு என்ன பண்றது? ஒரு லைட் வைங்க” என்றாள். ஆசாமி அங்கேயே விழுந்துவிட்டான். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் காலிங் பெல்லை அழுத்தினால் மணி அடிக்காது. அறைக்கு அறை பல்பு மின்னும்.

மகள் பிறந்ததும் ஒத்தாசைக்கு அவன் அம்மா வந்தாள். குழந்தை குப்புற விழுந்து, தவழவும் ஆரம்பித்துவிட்டது. தன் மகள் வீட்டுக்குக் கிளம்ப அம்மாவின் பெட்டி எப்போதோ தயார். கால்தான் வாசலைத் தாண்டவில்லை.

“பச்சப் புள்ள வீல்னு கத்தி, பெத்தவளுக்குக் கேக்கலன்னா என்னடா ஆவும்?” என்று மகனிடம் சொன்னாள். வஞ்சகம் இல்லை, பயம்தான். ஆனால் மருமகள் எதிரே நின்றிருந்தாள். கண்ணை மூடினால்தான் அவளுக்குக் காது மூடும், மூட மறந்திருந்தாள்.

அன்று சாயங்காலம் கணவனிடம் சொன்னாள்: “ஒரே ஒரு நாள் என் புள்ளையோட நான் தனியா இருக்கணுங்க. எனக்காக யாரும் பின்னாடி நின்னு காது குடுக்காம.”

பீப்பிக்கு அது போதாதா? குழந்தை அழுதால் மின்னும் பல்பு ஒன்றை மறுநாளே மாட்டினான். பல்பு ஜோராக மின்னியது. அவள் அதற்கு முதுகைக் காட்டியபடி துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“நான் என்ன பல்பையே பாத்துட்டு உக்காந்திருக்கவா?” என்றவள், அவன் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் தையல் மெஷின் பலகையில் வைத்தாள். மெஷினை மிதித்தாள். திடீரென்று நூலை அறுத்தாள். பலகையின் அதிர்வு வேறாக மாறியது. “நூல் அறுந்தா எனக்கு யாரு சொல்றா? இதுதான்.”

செத்துப்போன செல்போன்களுக்குக் கடையில் பஞ்சமில்லை. ஒன்றின் வயிற்றிலிருந்து அதிர்கிற மோட்டாரைப் பிடுங்கினான். அழுகையைக் கேட்கத் தொட்டிலில் தொங்கும் ஒரு பெட்டி. அங்கிருந்து மோட்டாருக்குச் சேதி அனுப்ப, உடைந்த பொம்மைக் காரின் ரிமோட். மோட்டாரை உள்ளே வைத்து, மணிக்கட்டுக்கான பட்டையைப் பைத்துணியில் அவள் தைத்தாள். பட்டை குக்கர் விசிலுக்குத் துள்ளியது, லாரி ஹாரனுக்குத் துள்ளியது, அம்மாவின் தும்மலுக்கும் துள்ளியது. அழுகைக்கு மட்டும் துள்ள வேண்டுமானால், பெட்டியிலுள்ள சின்னத் திருகை அழுகையின் சுதிக்குச் சரியாகத் திருப்ப வேண்டும். மூன்றாம் நாள் “சரியாயிடுச்சு” என்றான்.

அம்மா பரீட்சை வைத்தாள். “அவ சமையல்கட்டுல திரும்பி நிக்கட்டும். புள்ள அழுதா தானா வரணும். வந்துட்டா நாளைக்கே நான் பஸ் ஏறிடறேன்.”

குழந்தை உதட்டைப் பிதுக்கியது. பிறகு கத்தி வீட்டையே தூக்கியது. சமையலறையில் வெங்காயம் நிதானமாக நறுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. அம்மா மகனைப் பார்த்தாள். மகன் பெட்டியைப் பார்த்தான்.

“என்ன கேடு உனக்கு? இதானே அழுகை? ங்ஙேஏஏ!” என்று பெட்டிக்கு முன்னால் அவனே அழுது காட்டினான்.

அடுத்த நொடி கத்தியும் கையுமாக, முகமெல்லாம் சிரிப்பாக அவள் ஓடி வந்தாள். “வந்துடுச்சு! அதிருது!”

“நல்லா இருக்குடி கூத்து! புள்ளைக்கு வரல, அப்பனுக்கு ஓடி வர்றா!” என்றாள் அம்மா.

குட்டு உடைந்தது. குழந்தை முகம் கோணினாலே தூக்கிவிடுகிறவனுக்கு, அதை அழவிட்டுத் திருகைத் திருப்ப மனம் வரவில்லை. கடைக்குப் பின்னால் உட்கார்ந்து, தானே அழுது, தன் அழுகைக்குச் சரியாக அதைத் திருப்பியிருக்கிறான். “அதானே பாத்தேன்! நீ அழுதத கேட்டு, கடை மூழ்கிடுச்சோன்னு நெனச்சேன்” என்று டிரைவர் அண்ணன் பிறகு சொன்னார்.

பழைய திருகைப் பசை போட்டு இறுக்கிவிட்டதால், இன்னொரு பெட்டியும் பட்டையும் செய்தான். அடுத்த பசி அழுகைக்குத் திருப்புளியோடு தொட்டிலருகே நின்றான். அழுகை ஏற ஏற, திருகை விட்டுவிட்டுத் தொட்டிலை ஆட்டினான். “போதும்டா, தூக்குடா” என்று அம்மா துடித்தாள். மனைவி திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டாள். “ரெண்டு பேரும் வெளிய போங்க.”

ஒரு உள்ளங்கையைக் குழந்தையின் நெஞ்சில் வைத்தாள். சின்ன நெஞ்சு அதிர்ந்தது. மறு கையால் திருகை மெல்ல மெல்லத் திருப்பினாள். கேட்கிற இருவரும் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நிற்க, கேட்காதவள் மட்டும் அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் புதுப் பட்டை கட்டிய மணிக்கட்டும் உள்ளங்கையும் ஒன்றாகத் துடித்தன. திருப்புளியைப் போட்டுவிட்டு மகளை அள்ளிக்கொண்டாள்.

மறுபடி பரீட்சை. இந்தமுறை அம்மா வாய் திறக்குமுன் அவள் தொட்டிலருகே நின்றாள்.

“பழையத பிரிச்சுடட்டுமா?” என்று அவன் கேட்டான்.

“இருக்கட்டும்” என்றாள்.

கிளம்பும்போது அம்மா மருமகளின் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள். “இது தூங்கிடாதுல்ல?”

“பேட்டரி மாத்தினா தூங்காது அத்தை.”

“நீயே மாத்தும்மா. அவன்கிட்ட சொன்னா, மாத்தணும்னு ஞாபகப்படுத்த இன்னொரு பீப்பி செய்வான்.”

பஸ் ஏற்றிவிட்டுக் கடைக்குப் போனான். ஒரே மிக்சியின் மூடியைக் கழற்றினான், மாட்டினான், திரும்பக் கழற்றினான். மதியம்கூட ஆகவில்லை, கடையைச் சாத்திவிட்டு வீட்டு வாசலில் வந்து நின்றான். பெல்லை அழுத்தினான். கரண்ட் இல்லை, பல்பு எரியாது. கதவைத் தட்டி என்ன பயன்? நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பிறகு இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, கதவிடுக்கில் வாயை வைத்து, “ங்ஙேஏஏ” என்று அழுதான்.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. இவன் வீட்டுக் கதவும் திறந்தது.

இடுப்பில் குழந்தை. இடது மணிக்கட்டில் புதுப் பட்டை. வலது மணிக்கட்டில் பழைய பட்டை. கதவுக்குப் பின்னால் ஆணியில் பழைய பெட்டி தொங்கியது.

“இது அவளுக்கு, இது உங்களுக்கு” என்று இரண்டு கையையும் காட்டினாள். உடனே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டாள். “ஒரு நாள் முழுக்கன்னு சொன்னேன்ல? சாயங்காலம் வாங்க.”

கதவு சாத்திக்கொண்டது.

“என்னப்பா, பொண்டாட்டி வெளிய தள்ளிட்டாளா?” என்றார் டிரைவர் அண்ணன்.

“ஆமாண்ணே!” என்றான் பீப்பி, வாயெல்லாம் பல்லாக.