அக்கி நடுக்கோட்டைத் தாண்டாது

துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிற ஆட்களுக்காகக் கல்மண்டபம் பக்கத்தில் ஒரு சின்ன மருந்தகம் இருந்தது. அறுபதுகளின் பின்பாதியில் நான் அங்கே டிரஸ்ஸர். டிரஸ்ஸர் என்றால் புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, கட்டுக் கட்டுகிறவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு நான் வேண்டாம் என்று ஆகிவிட்டது. எனக்கும் அது வேண்டாம் என்றுதான் இருந்தது, அதனால் சண்டையில்லாமல் பிரிந்தோம்.

வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தோலில்தான் தகராறு. கந்தகம் ஏற்றிய கப்பல் வந்தால் ஒரு மாதிரிச் சொறி, உர மூட்டை வந்தால் வேறு மாதிரி, சிமெண்டு என்றால் விரலிடுக்கு முழுக்க வெடிப்பு. எந்தக் கப்பல் வந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ள யாரும் துறைமுகம் வரை போக வேண்டாம். எங்கள் வரிசையில் நிற்கிறவர்களின் முழங்கையைப் பார்த்தால் போதும். வரிசையில் ஒருவன் சொறிய ஆரம்பித்தால் கடைசி ஆள் வரைக்கும் போகும். "குரங்குக் கையும் சிரங்குக் கையும் சும்மா இருக்காது" என்று பின்னாலிருந்து யாராவது சொல்வார்கள். சொன்னவனும் சொறிந்துகொண்டேதான் சொல்வான்.

அவர்கள் கரப்பான் என்பார்கள், டாக்டர் எக்ஸிமா என்று எழுதுவார். அவர்கள் படை என்றால் அவர் டீனியா. தேமல், சேற்றுப்புண், பாலுண்ணி, எல்லாவற்றுக்கும் அவரிடம் இன்னொரு பெயர் இருந்தது. டாக்டர் கும்பகோணம் பக்கத்துக்காரர். எங்கள் ஆட்களின் பேச்சு அவருக்குப் பாதிதான் பிடிபடும், அவர் சொல்வது இவர்களுக்குக் கால்வாசி. நடுவில் நான். ஒருநாள் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், எக்ஸிமா என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் கேட்டதில்லை என்றார்.

"கிரேக்க வார்த்தைப்பா. பொங்கி வழியறதுன்னு அர்த்தம்."

"பால் பொங்குற மாதிரியா சார்?"

"அதே மாதிரிதான்."

அன்றிலிருந்து தினம் ஒன்று கேட்பேன். பிட்டிரியாசிஸ் என்றால் தவிடு. தோல் தவிடாக உதிர்கிறதல்லவா, அதனால். இக்தியோசிஸ் என்றால் மீன். தோல் செதில் செதிலாக இருந்தால் அந்தப் பெயர். அதுவரைக்கும் டாக்டர் சொல்லெல்லாம் எங்கோ மேலேயிருந்து இறங்கி வந்தவை என்று நினைத்திருந்தேன். பார்த்தால், யாரோ ஒரு ஊர்க்காரன் தன் அடுப்பையும் தவிட்டையும் மீனையும் பார்த்துச் சொன்னதுதான். அந்த ஊர் காசிமேட்டில் இல்லை, அவ்வளவே வித்தியாசம். காசிமேட்டிலிருந்து குழந்தையோடு வந்த ஒரு அம்மாவிடம், இதற்கு மீன்தோல் வியாதி என்று பெயர் என்று டாக்டர் விளக்கினார். அந்த அம்மா, "இன்னா மீனு சார்?" என்றாள். டாக்டர் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். புத்தகத்தில் அது போடவில்லை.

இப்போது என் பக்கத்து வீட்டுக்காரர் கதைக்கு வருகிறேன்.

அவர் பத்து வருஷமாகத் துறைமுகக் கேட்டில் தினக்கூலியாக நின்றவர். கூப்பிட்டால் வேலை, கூப்பிடாவிட்டால் டீ. ஒருவழியாக நிரந்தரம் செய்கிற பட்டியலில் அவர் பெயர் வந்தது. வியாழக்கிழமை எங்கள் மருந்தகத்தில் உடம்புப் பரிசோதனை. தேறினால் நிரந்தரம். தவறினால் பட்டியலில் அடுத்த பெயர். அடுத்த பெயருக்கு உரியவர் அந்த வாரம் முழுக்க எங்கள் வாசலில் வந்து நின்று, "எல்லாரும் சொகமா கீறாங்களா நைனா?" என்று என்னை விசாரித்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரருக்கு அக்கி கண்டது. முதுகுத்தண்டில் ஆரம்பித்து, வலது விலாவைச் சுற்றி, நெஞ்சுக் குழி வரைக்கும் கொப்புளம் கொப்புளமாக ஒரு பட்டை. எரிச்சல் தாங்காமல் மனிதர் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.

எங்கள் பக்கத்தில் அக்கி வந்தால் எழுத வேண்டும். பானை செய்கிறவர்கள் வீட்டுப் பெண்கள்தான் எழுதுவார்கள். காவிக்கல்லைத் தண்ணீரில் உரைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேலேயே பூசுவார்கள். மூன்று நாள், காலையில், வெறும் வயிற்றில். அதை எழுதினவர்களேதான் அழிக்கவும் வேண்டும், ஐந்தாம் நாள். நடுவில் குளிக்கக் கூடாது, கருவாடு கூடாது. அக்கிக்குத் தலையும் வாலும் உண்டு. அது உடம்பைச் சுற்றி வந்து தலையும் வாலும் முட்டிக்கொண்டால் ஆள் காலி என்பார்கள்.

பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி மீன் கூடைக்காரி. மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, அந்தக் கையோடு புருஷனைத் திருவொற்றியூருக்கு பஸ் ஏற்றிக்கொண்டு போய், திங்கள் செவ்வாய் புதன் மூன்று நாளும் எழுதிக் கூட்டி வந்தாள். மருந்தகத்துக்கு ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"அக்கிக்கு எய்தத்தானே சொல்லிகீது? உங்க டாக்டருக்குக் காவி கரைக்கத் தெரியுமா?"

தெரியாது என்று ஒப்புக்கொண்டேன்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவர் டாக்டர் முன்னால் சட்டையைக் கழற்றினார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். மார்பிலிருந்து இடுப்பு வரை, முன்னும் பின்னும், இடமும் வலமும், சுற்றி வர செங்காவி. காய்ந்து வெடித்து, மழை கண்ட மண்சுவர் மாதிரி இருந்தது.

"என்னய்யா இது?"

"அக்கி சார்."

"ரெண்டு பக்கமுமா?"

"எய்துனது ரெண்டு பக்கமும் சார்."

டாக்டர் வலது விலாவில் விரலை வைத்தார். "வலிக்குதா?"

"உயிர் போவுது சார்."

இடது விலாவில் வைத்தார். "இங்கே?"

"அங்கியும் வலிக்குது சார்."

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அக்கிக்கு டாக்டர்கள் எழுதுகிற பெயர் ஹெர்பீஸ் ஜோஸ்டர். ஹெர்பீஸ் என்றால் ஊர்ந்து போவது, ஜோஸ்டர் என்றால் இடுப்புக் கச்சை. ஊர்ந்து போய்க் கச்சை கட்டுகிறது. அந்தக் கிரேக்கர்களும் இதே தலையையும் வாலையும்தான் பார்த்திருக்கிறார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். டாக்டருக்கு அந்தச் சந்தோஷம் இல்லை.

"இது ஒரு நரம்போட வழியா வர்றதுப்பா. நரம்பு பாதி உடம்போட நின்னுடும். அதனால ஜோஸ்டர் நடுக்கோட்டைத் தாண்டாது. இவருக்குத் தாண்டியிருக்கு. வலியும் ரெண்டு பக்கம் இருக்குங்கறார். அப்போ இது ஜோஸ்டர் இல்லை. என்னன்னு எனக்குத் தெரியலை. தெரியாத ஒண்ணைக் கப்பல்ல வேலை செய்யறவனுக்கு எப்படி நான் பாஸ் போடறது?"

அவர் முன்னால் இருந்த தாளில் தோல் என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஜோஸ்டர் என்று எழுதினால் 'தற்காலிகமாகத் தகுதியில்லை'. மூன்று வாரம் கழித்து மறுபடி பார்க்கலாம், பெயர் பட்டியலில் அப்படியே இருக்கும். தெரியாத தோல் வியாதி என்று எழுதினால் 'தகுதியில்லை'. தாள் நாலு மணிக்கு ஆபீசுக்குப் போய்ச் சேர வேண்டும்.

"கழுவிடுப்பா. பார்த்துட்டு எழுதறேன்" என்றார் டாக்டர்.

நான் பேசினில் தண்ணீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்து வீட்டுக்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்.

"தொடாத நைனா! அஞ்சாம் நாளுக்கு முன்னாடி கைய வெச்சா தலையும் வாலும் முட்டிக்கும். நான் செத்துப் பூட்டேன்னா பர்மனெண்ட்டு யாருக்கு?"

"பட்டியல்ல அடுத்தவருக்கு" என்றேன். கேள்விக்கு அதுதான் பதில்.

"மெய்யாலுமே எடது பக்கம் வலிக்குதா அண்ணாத்தே?" என்று கேட்டேன்.

அவர் குரலைத் தாழ்த்தினார். "இல்ல. ஆனா டாக்டர் அவ்ளோ மரியாதியா கேக்கறாரு. பெரிய மன்சன் கேக்கும்போது இல்லன்னு எப்டி மூஞ்சில அடிச்சாப்புல சொல்றது?"

வராந்தாவில் இருந்த அவர் மனைவி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "இன்னாத்துக்கு எடது பக்கம்? அந்தப் பக்கம் அக்கியே இல்லியே. நான்தான் எய்தச் சொன்னேன், எதுக்கும் இருக்கட்டும்னு. இங்கேர்ந்து வந்தா அங்க காவல் இருக்கணும்ல?"

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நான் நம்பறேன். ஆனா கேட்டதை எழுத முடியாது, பார்த்ததைத்தான் எழுத முடியும்" என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "எழுதினவங்கதான் அழிக்கணும்னா, எழுதினவங்களைக் கூட்டிட்டு வர முடியுமா?"

நான் சைக்கிளை எடுத்தேன்.

திருவொற்றியூரில் அந்தப் பானைக்காரம்மா சூளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். கை முழங்கை வரை மண். விஷயத்தைச் சொன்னேன்.

"சூளைய பாதில உட்டுட்டு வரச் சொல்றியா?"

"ஒரு ஆளு வேலை போவுதும்மா."

"அந்த மீன்காரி புருசனா? எனக்குத் தெரியும். நான் அப்பவே சொன்னேன் அவகிட்ட." மிச்சப் பானைகளை மகளிடம் ஒப்படைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். பஸ்ஸுக்குக் காத்திருக்க நேரமில்லை. கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். எதிர்காற்று. ராயபுரம் வரைக்கும், மீன்காரியிடம் என்ன சொன்னாள், அதற்கு மீன்காரி என்ன சொன்னாள் என்று என் முதுகுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு மூச்சு வாங்கியதால் இடையில் குறுக்கிட முடியவில்லை.

மூன்று மணிக்கு முன்னால் வந்து சேர்ந்தோம். பட்டியலில் அடுத்தவர் வாசலில் நின்று, எல்லோரும் சுகமா என்று கேட்டார்.

பானைக்காரம்மா உள்ளே போனதும் டாக்டரைப் பார்க்கவில்லை. மீன்காரியைத்தான் பார்த்தாள்.

"வேணாம்மா, அக்கி ஒரு பக்கத்து ஆளு, அடுத்த வூட்டுக்குப் போவாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்ன."

"கேட்டியா?"

"என் புருசன்டி அது. உன் பானையா, ஒண்ணு ஒட்ஞ்சா இன்னொண்ணு செய்ய?"

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்தார்.

"ஒரு பக்கத்தோட நின்னுடும்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"எய்திக்கினேகீறேனே சார். முதுகெலும்புல பொறப்படும், நெஞ்செலும்புல நின்னுடும். தலையும் வாலும் முட்டும்னு ஊர்ல சொல்லிக்கினு கீதுங்க. நான் எய்தினதுல ஒருத்தருக்கும் முட்டினதில்ல."

"நானும் பார்த்ததில்லை" என்றார் டாக்டர்.

இருவரும் பக்கத்து வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையை மேலே தூக்கியபடி நின்றிருந்தார். தன் விலாவைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேச்சு நடக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

பானைக்காரம்மா ஈரத்துணியை எடுத்தாள். "இது காவலுக்கு எய்தினது. இத்த எப்ப வேணா அழிக்கலாம்" என்று அவருக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு, இடது பக்கத்தை மேலிருந்து கீழாகத் துடைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். மீன்காரி சிலுவைக்குறி போட்டாள். காவி கரைந்து, அதன் அடியில் பத்து வருஷம் வெயில் பட்ட, ஒரு தழும்பும் இல்லாத தோல் வந்தது. முன்னால் நெஞ்செலும்பிலும் பின்னால் முதுகுத்தண்டிலும் அவள் கை நின்றது. பிறகு, கேட்காமலே, வலது பக்கம் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு, தானே வெடித்துக் கழன்றிருந்த காவியை விலக்கிக் காட்டினாள். உள்ளே கொப்புளங்கள் வாடிக்கொண்டிருந்தன.

டாக்டர் டார்ச்சு அடித்துப் பார்த்தார். விரல் வைத்து இடது பக்கம் அழுத்தினார். "இங்கே வலிக்குதா?"

பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். மரியாதையை மிகுந்த சிரமத்துடன் விழுங்கினார்.

"இல்ல சார். மன்னிச்சுக்கங்க சார்."

டாக்டர் உட்கார்ந்து, தோல் கட்டத்தில் ஜோஸ்டர் என்று தொடங்கி எழுத ஆரம்பித்தார். பானைக்காரம்மா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கட்டம் ரொம்பச் சின்னது. அவர் கையெழுத்து அதைவிடச் சின்னது.

"இவ்ளோ சின்னதா எய்தினா புடிக்குமா சார்?"

டாக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "கார்பன் வெச்சு மூணு காப்பி எழுதறேம்மா."

"மூணா?" என்றாள். "அப்ப சரி."

மூன்றே முக்காலுக்கு நானே தாளைக் கொண்டுபோய் ஆபீசில் சேர்த்தேன்.

மூன்று வாரம் கழித்து அவர் மறுபடி வந்தார். வலது பக்கத்தில் கருத்த தழும்பு ஒரு பட்டையாக நின்றது, வேறொன்றுமில்லை. குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, புதுப் பனியன் போட்டிருந்தார். டாக்டர் தோலுக்கான கட்டத்தில் என்.ஏ.டி. என்று மூன்று ஆங்கில எழுத்துகளைப் போட்டார். என்ன சார் அது என்று வழக்கம் போல் கேட்டேன்.

"சொல்லும்படி ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

நான் அதை ஜன்னலுக்கு வெளியே இருந்த மீன்காரிக்கு மொழிபெயர்த்தேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை.

"ஒண்ணும் இல்லியா? அன்னிக்கு அத்தினி எய்தினாரு, இன்னிக்கு வேலை கைல வர்றப்ப ஒண்ணும் இல்லங்கறாரு? மூணே எய்த்து. ஆபீசுல ஒத்துப்பாங்களா?"

"ஒத்துப்பாங்க. அதுதான் வேணும்."

அவள் தாளைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள்.

"அந்தப் பக்கமும் எய்தச் சொல்லு நைனா. எதுக்கும் இருக்கட்டும்."

நான் டாக்டரிடம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, அவள் குரல் கப்பல் வரைக்கும் கேட்கும். டாக்டர் பேனாவை மூடப் போனவர் மறுபடி திறந்தார். தாளைத் திருப்பி, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில் இன்னொரு கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, மை காயும் வரை ஊதிக் கொடுத்தார்.